அறுபத்து நான்கு

முப்பது கிலோமீட்டர் என்பது சின்ன எண்.
கம்பளிக் கிடங்கில் கணக்கெழுதும் எனக்கு
அதைவிடப் பெரியவற்றோடுதான் தினமும் புழக்கம்.
ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனேன்.
பதினோராவது கிலோமீட்டரில்
உள்தொடைத் தையல் தன்னை
அறிமுகம் செய்துகொண்டது.

குதிரையின் பெயர் சவுட். எங்கள் மொழியில் உப்பு.
சாம்பல் நிறம், ஒன்பது வயது,
செம்மறிகளுக்குப் பின்னால் அலைந்தே வளர்ந்தது.
பிப்ரவரியிலிருந்து வாரம் மூன்று மாலை
தண்டவாளத்தை ஒட்டிக் காற்றாலை வரை நடை,
அங்கிருந்து வேலி முடியும் வரை துள்ளோட்டம்.
நெஞ்சு சில வாரங்களில் பழகிவிடும்,
எலும்பு கெட்டிப்பட ஆண்டுகள் ஆகும் என்றார்கள்.
ஒவ்வொரு இரவும் முன்னங்கால்களைத் தடவிப் பார்த்தேன்,
எங்காவது சூடு தெரிகிறதா என்று.
"எனக்குக் காய்ச்சல் வந்தபோது
தெர்மாமீட்டரைக்கூடத் தேடவில்லை நீ"
என்றான் என் மகன் ரூவன்.
உண்மைதான்.

ஜூலை. காரூ சமவெளியில் புல்லெல்லாம் உறைபனி.
சவுட்டின் பின்தொடையில் நாற்பத்தேழு என்று
மெழுகுக் கட்டியால் எழுதினார்கள்.
டாக்டர் நோம்வூயோ ஈறை அழுத்தினார், விட்டார்,
வெளுத்த இடம் சிவக்கும்வரை பார்த்தார்,
விலாவில் காது கொடுத்தார்.
"குடல் நன்றாகப் பேசுகிறது."
என் குடலும் பேசியது. அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

பந்தயமே அறியாத குதிரை
முன்னால் இருபது வால்களைக் கண்டதும்
தான் யாரென்பதை மறந்துபோனது.
எட்டு கிலோமீட்டர் அதை இழுத்துப் பிடித்தேன்,
கடிவாள வாரில் கைகள் எரிய எரிய.
பக்கத்தில் மீன்கி, பதினான்கு வயது,
ஒற்றைக் கையில் வார், மறுகையில் உலர்ந்த இறைச்சித் துண்டு,
மென்றபடியே கடந்து போனாள்.

வறண்ட ஆற்றைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டி.
சவுட் குடிக்கவில்லை.
முகர்ந்தது, மூக்கால் பனித்தகட்டைத் தள்ளியது, வானத்தைப் பார்த்தது.
ஒருவர் போனார். இன்னும் மூவர் போனார்கள்.
இறங்கி நின்றேன்,
இறங்கினால் மறுபடி ஏற முடியுமா என்ற
சந்தேகத்தோடு.
பிறகு குனிந்தது.
ஒவ்வொரு மடக்குக்கும் காதுகள் ஒருமுறை
பின்னால் மடங்கி நிமிரும்.
பத்தொன்பது.
அதற்கு முன் எதையும்
அவ்வளவு மகிழ்ச்சியாக எண்ணியதில்லை.

முடிவுக்கோட்டைத் தாண்டியதும்
முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.
இல்லை. நீ வந்து சேர்ந்ததைக்
கடிகாரம் கண்டுகொள்ளாது.
குதிரையின் நெஞ்சு அறுபத்து நான்குக்கு
இறங்கினால்தான் அது நிற்கும்.
அதற்கு அரை மணி நேரம்.

சேணத்தைக் கழற்றினேன். கழுத்தில் தண்ணீர், வழித்துவிடல்,
மறுபடி தண்ணீர்.
எழுபத்தெட்டு. எழுபத்திரண்டு. எழுபது.
எழுபது.
எழுபதிலேயே நின்றது.
கழுத்தை அணைத்தபடி காதுக்குள் கெஞ்சினேன்:
இறங்கு, என் தங்கமே, இறங்கு.
கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள் மீன்கி.
"கொஞ்சம் தள்ளிப் போங்கள்.
அது உங்கள் நெஞ்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது."

லாரிக்குப் பின்னால் போய் நின்றேன்.
யாரோ வைத்துவிட்டுப் போன ஆறிய காப்பி
டயரின் மேல் இருந்தது. குடித்தேன்.
எல்லை வேலியில் ஒரு காகம்
இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது.
அதையே பார்த்தேன்.
"அறுபத்திரண்டு"
என்று டாக்டரின் குரல் கேட்டபோது
என்னைப் பற்றிச் சொல்கிறாரோ என்று
ஒரு கணம் குழம்பினேன்.

கடைசியாக ஓடிக் காட்ட வேண்டும்,
கெட்டித் தரையில் நாற்பது மீட்டர்,
குதிரையும் நானும் பக்கத்தில் பக்கத்தில்.
டாக்டர் தலையசைவைக் கவனித்தார், குளம்பொலியைக் கேட்டார்.
"குதிரை சரி. நொண்டுவது நீங்கள்."
முப்பத்து மூன்று பேரில் முப்பத்தொன்றாவது.
தாளைத் தந்தார்கள். தவிடு வாளிக்குள் விழுந்தது.
சவுட் அதில் ஒரு மூலையைத் தின்றது.

திங்கட்கிழமை. கத்தரிக்கும் பருவம் நெருங்குகிறது,
மூன்று பண்ணைகளின் எடை ஒத்துப்போகவில்லை,
முதலாளி போனில்.
மூட்டைகளுக்கு நடுவில் நின்றபடி
மணிக்கட்டில் இரு விரல் வைத்துப் பார்த்தேன்.
எண்பத்தொன்பது.
பேரேட்டை மூடினேன்.
வாசலுக்குப் போய்
எதையும் பார்க்காமல் நின்றேன்.